நூறு மீட்டர் கரடிப்பள்ளம்

நீர் போகும் திசை பார்த்து நில்.
இடக்கைப் பக்கம் இடக்கரை, அது கேரளம்.
வலக்கைப் பக்கம் வலக்கரை, நம்முடையது.
படிவத்தின் முதல் குறிப்பு இவ்வளவுதான்.
திரும்பி நின்றால் மாநிலம் மாறிடுமா அக்கா
என்கிறாள் துளசிமணி,
முழங்கால் வரை நனைந்து,
வலைக்கழியைத் தோளில் சாய்த்தபடி.

ஆனைகட்டிச் சோதனைச்சாவடி தாண்டி
ஒற்றையடித் தடத்தில் இறங்கி
நூறு மீட்டர் அளந்தோம்.
இரண்டு முனையிலும் சிவப்பு ரிப்பன்.
யாருக்குக் கல்யாணம் என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் போனது
பால்கேன் தொங்கும் மொபெட்.

பாலக்காட்டிலிருந்து ரம்லத் வந்திருக்கிறாள்,
அவர்கள் படிவத்தோடு.
"வெள்ளம் எத்ர?"
நான் அண்ணாந்து
நீர்மருதின் கிளையில் சிக்கிக் காய்ந்த
சருகையும் உரச்சாக்கையும் காட்டி
இரண்டரை மீட்டர் என்கிறேன்.
அவள் குனிந்து
தன் கணுக்காலைக் காட்டுகிறாள்.
இரண்டையும் எழுதிக்கொண்டோம்.
ஒரே சொல்லில்
போன ஐப்பசியும் இந்த மாசியும்.

நிழலை அளக்க ஒரு கண்ணாடி,
உள்ளங்கை அளவு, இருபத்துநாலு கட்டம்.
இலை விழுந்த கட்டங்களை எண்ண வேண்டும்.
இடக்கரையில் பத்தொன்பது.
நடுநீரில் பதினொன்று.
வலக்கரையில் ஐந்து.
அதில் ஒன்று என் தலைமுடி.
கையை நீட்டிப் பிடிக்காவிட்டால்
நீயும் மரமாகக் கணக்கில் வந்துவிடுவாய்.
நாலு என்று திருத்தினேன்.

வலக்கரையில் விடுதிச் சுவர்,
நீருக்குள் இறங்கும் சிமெண்ட் படி,
மீதி இடமெல்லாம் உண்ணிச்செடி.
இடக்கரையில் மருது, நாவல், புங்கு,
நீரைத் தொட்டுக்கொண்டு தாழை.
இது எப்படி என்று கேட்டால்
வாழைக்கு மோட்டார் போட வந்த உண்ணிகுட்டன் சொல்கிறார்:
அண்ணன் தம்பி வழக்கு, பதினேழு வருடம்.
தடையுத்தரவு இருக்கிறது,
யாரும் கத்தி வைக்க முடியாது.
'பராமரிப்பு முறை' என்ற கட்டத்தில்
ரம்லத் சிரிக்காமல் எழுதுகிறாள்:
கேஸ்.

பிறகு மூன்று நிமிடம்
கற்களைக் காலால் கிளறினோம்,
துளசிமணி கீழே வலை பிடித்தாள்.
வெள்ளைத் தட்டில் கொட்டியதும்
முதலில் வெறும் கலங்கல்.
தெளியத் தெளிய
அசைவுக்கு வந்தது பள்ளம்.
ரத்தப்புழு முப்பத்தேழு. எதிர்பார்த்ததுதான்.
அட்டை இரண்டு, ஒன்று ரம்லத்தின் காலில் இருந்ததால்
கணக்கில் சேர்ப்பதா என்று சின்ன விவாதம்.
மூன்று வால் விரித்த ஒன்றே ஒன்று.
தும்பியாகப் போகிற முரட்டுப் பயல்.

அப்புறம் அது நகர்ந்தது.
அரிசி நீளத்துக்கு ஒரு குழல்,
உள்ளே புழு.
மணலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி
எச்சிலால் ஒட்டித் தனக்கு வீடு கட்டும் இனம்.
அழுக்கு நீரில் தங்காது.
இருந்தால் பத்து மதிப்பெண்.

லென்ஸில் பார்த்தேன்.
வீடு செங்கல்.
மேலே சூளை அணைந்து ஆறு வருடம் ஆகிறது,
அதன் பொடி இன்னும் இறங்கி வருகிறது போல.
சிவப்பு, சிவப்பு, சிவப்பு,
வாசலருகே மட்டும் ஒரு நீலம்,
விடுதிக் குளியலறையின் டைல்ஸாக இருக்கலாம்.
அளவெடுத்துப் பதித்த மாதிரி.

படுகையில் கட்டடக் கழிவு: மூன்று கழிக்கவும்.
கூட்டவா, கழிக்கவா?
"ரண்டும்" என்றாள் ரம்லத்.

இடக்கரை எட்டு, வலக்கரை இரண்டு,
வகுத்தால் ஐந்து. நடுத்தரம்.
ஐந்து மதிப்புள்ள கரை
இந்த நூறு மீட்டரில் எங்கேயும் இல்லை.
ஆனாலும் ஐந்து என்றுதான் எழுதினேன்.
கட்டம் ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள்.

மோட்டாரை நிறுத்திவிட்டு உண்ணிகுட்டன் கேட்கிறார்:
தோடு பாஸா, தோற்றதா?

துளசிமணி தட்டைச் சாய்க்கிறாள்.
புரட்டிய கல்லைப் புரட்டியபடியே விடக்கூடாது,
பாசி பிடித்த முகம் மேலே இருக்கணும்.
ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறேன்.
எந்தக் கல் எங்கிருந்தது என்று
பாதிக்கு மேல் நினைவில்லை.